குறை சொல்லத் தெரியாதவர்கள்

எனக்குக் கோபம் வந்தால்தான் ஊசி வலிக்காமல் போடுவேன் என்று எங்கள் எச்.ஐ.வி. பிரிவில் ஒரு பேச்சு உண்டு. அன்று அத்தனை பேருக்கும் வலிக்காமல் ரத்தம் எடுத்தேன். அவ்வளவு கோபம்.

எங்கள் பிரிவு காலையில் மட்டும்தான் திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் லீவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், மாத்திரை வாங்க வருவதையே விட்டுவிடுவார்கள். 'ஹாரன்' அப்படித்தான் விட்டான். வேன் ஓட்டுகிறவன், பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும், அதனால் அந்தப் பெயர். எலும்பும் தோலுமாக அவன் திரும்பி வந்த அன்று நான் அழுதேன். அழுது முடித்துவிட்டுத் திட்டினேன். பிறகு, சாயங்காலமும் திறக்கச் சொல்லி மேலதிகாரியிடம் நடையாய் நடந்தேன். நோயாளிகளுக்குக் குறை இருப்பதாகக் காட்டினால் யோசிக்கலாம் என்றார்.

குறைதானே, அள்ளிக்கொண்டு வருகிறேன் என்று நானே கேள்வித்தாள் எழுதினேன். நானே கொடுத்து, பக்கத்திலேயே நின்று வாங்கினேன். நேரம் வசதியா, கவனிப்பு திருப்தியா என்று எதைக் கேட்டாலும் 'மிகவும் திருப்தி'. ஹாரன்கூட! படுபாவிகள், என் காலை வாரிவிட்டார்கள். வலிக்காமல் ரத்தம் எடுத்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் கொட்டித் தீர்த்தேன். பல்கலைக்கழகத்தில் நோயாளிகளிடம் கருத்துக் கேட்கும் ஆய்வுதான் அவள் வேலை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உலகத்தில் மற்றவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று படிக்காமல் கேள்வி எழுதலாமா என்றாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசை முழுக்க ஆய்வுக் கட்டுரைகள். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ஓரமாகக் குழம்புச் சட்டியை வைக்கப்போன என் கணவர், தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நானும் சிலவற்றைப் படித்தேன். தூக்க மாத்திரை தோற்றது.

பெரும்பாலான கட்டுரைகளில் நோயாளிகள் திருப்தி என்றே சொல்லியிருந்தார்களாம். அப்படியானால் திருப்திதானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதற்கு அவள் என் கேள்வித்தாளில் ஒரு கேள்வியைச் சொருகி, மறுபடி கொடுக்கச் சொன்னாள். மாடியில் உள்ள படிப்பறை எப்படி?

எங்கள் பிரிவுக்கு மாடியே கிடையாது. எல்லாரும் 'மிகவும் திருப்தி'. ஹாரன் ஒரு படி மேலே போய், நல்ல காற்றோட்டம் என்று எழுதியிருந்தான்.

காதைத் திருகாத குறையாக அவனைப் பிடித்துக் கேட்டேன். முதல் தடவையாக மெதுவாகப் பேசினான்.

"குறை சொன்னா உங்களை மாத்திட்டாங்கன்னா? அப்புறம் நாங்க யார்கிட்ட போறது, சிஸ்டர்?"

வீட்டுக்கு வந்து அதை அப்படியே நாத்தனாரிடம் சொன்னேன்.

இதுவும் அந்தக் கட்டுரைகளில் இருக்கிறது என்றாள் நாத்தனார். கவனித்துக்கொள்கிற ஒரே இடத்தை இழந்துவிடுவோமோ என்ற பயம். உருப்படியான பதில் வாங்கிய ஆய்வுகள் சிலதான். அவை திருப்தியைப் பற்றியே கேட்கவில்லை.

"மனசுல என்ன இருக்குன்னு கேக்காதீங்க அண்ணி. என்ன நடந்துச்சுன்னு கேளுங்க."

வேலையிடத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்தே பலர் வராமல் போகிறார்கள் என்று நாலைந்து கட்டுரைகள் சொல்லியிருந்தன. அதை வைத்து ஒரு கேள்வி எழுதினோம். இங்கே வர, ஒவ்வொரு தடவையும் வேலையிடத்தில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்? பெயர் வேண்டாம், பெட்டியில் போட்டால் போதும். பெட்டி பக்கமே நான் தலைகாட்டக் கூடாது என்று அவள் உத்தரவு.

பெட்டியைத் திறந்தால் அத்தனையும் புளுகு. ஒருவர் பல் பிடுங்கப் போவதாகவே சொல்லி வந்திருக்கிறார், கணக்குப்படி அவர் வாயில் பல்லே இருக்கக் கூடாது. இன்னொருவர் ஒரே தம்பிக்கு மூன்று கல்யாணம் செய்துவைத்திருந்தார். கல்யாணமே ஆகவில்லை என்று எழுதியிருந்த ஒருவருக்கு இரண்டு மாமியார் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு, மாத்திரைக்காக மாதாமாதம் இப்படிப் பொய் தேடுகிறார்களே என்று எனக்குத் துக்கமாக வந்தது.

மேலதிகாரியும் படித்துச் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வாரம் இரண்டு நாள் சாயங்காலமும் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

முதல் சாயங்காலம் முதல் ஆள் ஹாரன்தான். திரும்பி வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் லீவு வாங்கினானாம். மேனேஜர் இரக்கப்பட்டு மாதாமாதம் பழம் கொடுத்தனுப்ப, குத்துக்கல் மாதிரி இருக்கிற அந்த அம்மா அதைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். மாத்திரையை வாங்கிப் பையில் வைத்தவன், என் எதிரிலேயே போன் போட்டான்.

"சார், எங்கம்மாவுக்கு நல்லா குணமாயிடுச்சு சார். இனிமே லீவு வேண்டாம் சார்."

கட்டடமே அதிர்ந்தது. போனை வைத்துவிட்டு அவன் கண்ணைத் துடைத்தான், நான் பார்க்காததுபோல் ரத்தப் பரிசோதனைக்கு ஊசியை எடுத்தேன். அன்று எனக்குத் துளிக்கூடக் கோபமில்லை. ஊசி ஏறியதும் அவன் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.