முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள்

லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கடல்மீன் தொட்டியை வைத்து எழுபது நாள் ஆகியும் அதில் ஒரு மீன்கூட இல்லை. பாறை இருந்தது, மணல் இருந்தது, பாறை இடுக்குகளில் விரல் நீளத்துக்குப் பவளங்கள் ஆடிக்கொண்டிருந்தன. தொட்டி முதலில் பக்குவப்பட வேண்டும், அதுவரை மீன் விடக்கூடாது என்று கடைக்கார அம்மா சொல்லியிருந்தார். தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் மெக்கானிக் ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து உப்பு பார்க்கும் குழலில் விட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் மனைவி சொல்வாள்: "இவர் தண்ணி வளர்க்கிறார். நல்லாவே வளருது. ஒரு தொந்தரவும் இல்ல."

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நாலு வார்டு, நாற்பத்தாறு நர்சுகள். யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று பட்டியல் போடுகிறவள் அவள்தான். யாரை யாரோடு சேர்த்துப் போட்டால் வேலை சத்தமில்லாமல் நடக்கும், யாரை யாரோடு போட்டால் நோயாளி எழுந்து ஓடுவான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் தொட்டி விஷயத்தில் அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் மூக்கை நுழைக்கவில்லை.

எழுபத்தோராவது நாள் மெக்கானிக் கடைக்குப் போனார். சட்டைப்பையில் எட்டு மீன்களின் பட்டியல். எட்டையும் நிறம் பார்த்தே எழுதியிருந்தார்.

கடைக்கார அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நெற்றியில் கிடந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். படித்துக்கொண்டே பேனாவால் அடித்தார்.

"இது உங்க பவளத்த மேஞ்சிரும். இது, நாளைக்கு நீங்க இறால் விட்டா அதத் தின்னும். இது வளந்தா உங்க தொட்டியில திரும்பிப் படுக்கக்கூட இடம் இருக்காது. இந்த ரெண்டும் ஒரே சாதி மீனு, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காது. அண்ணே, என்ன அண்ணே இது, சேலைக்கு ரவிக்கை எடுக்கிற மாதிரி எழுதிட்டு வந்திருக்கீங்க?"

எட்டில் மூன்று மிஞ்சின. அதில் ஒன்றின்மேல்தான் மெக்கானிக்கின் உயிரே இருந்தது. சுண்டுவிரல் நீளம். தலையிலிருந்து நடு உடம்பு வரை பளீரென்ற ஊதா. அங்கிருந்து வால் வரை மஞ்சள். இரண்டு நிறத்துக்கும் நடுவே அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது. டாட்டிபேக் என்று பெயர்.

"இது வேணும்னா வாங்கிக்கங்க," என்றார் கடைக்கார அம்மா. "ஆனா கடைசியா விடணும். மத்ததெல்லாம் வந்து இடம் புடிச்ச பிறகு. பாக்கத்தான் இத்துனூண்டு, கோவம் ஆள் உயரம்."

மெக்கானிக் தலையை ஆட்டினார். தலைதான் ஆடியது, காதில் எதுவும் ஏறவில்லை. எழுபது நாள் வெறும் தண்ணீரைப் பார்த்தவர், பையில் நீந்துகிற ஊதாவையும் மஞ்சளையும் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தார். முதலில் விட்டதே அதைத்தான்.

"கடையில ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள் மனைவி.

"தாராளமா விடலாம்னாங்க," என்றார் அவர், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

பத்து நாள் அந்த மீன் தொட்டி முழுக்கத் தனியாகச் சுற்றியது. பதினோராம் நாள் பட்டியலில் மிஞ்சிய மற்ற இரண்டும் வந்தன. ஒன்று கோபி, மணலைத் தோண்டி, கீழேயே கிடக்கிற மீன். "பேரு கோபி, ஆனா கோபமே வராது," என்று மெக்கானிக் தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். இன்னொன்று ஃபயர்ஃபிஷ், முதுகில் கொடிக்கம்பம்போல் ஒரு முள்ளைத் தூக்கிக்கொண்டு, காற்றில் நிற்பதுபோல நடுத் தண்ணீரில் நிற்கும்.

அது நின்றது அரை மணி நேரம்தான். ஊதாத் தலை பாறைக்குள்ளிருந்து அம்புபோல வந்து அதன் வாலைக் கடித்தது. ஃபயர்ஃபிஷ் பம்புக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. கோபி வாயில் மணலோடு ஒரு மூலையில் உறைந்துபோய்க் கிடந்தது.

"புது இடம். பழகிடும்," என்றார் மெக்கானிக்.

மூன்று நாள் கழித்தும் பழகவில்லை. சாப்பாடு போட்டால் ஊதாத் தலை முதலாளி சாப்பிட்டுவிட்டு, மிச்சத்துக்கும் காவல் நின்றார். நாலாம் நாள் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்த ஊதாச் சட்டைக்காரர் எப்ப சேர்ந்தார்?"

"முதல்ல."

"அதான் விஷயம். வார்டுல முதல்ல வந்து நிக்கிறவங்களுக்கு வார்டே சொந்தம்னு நினைப்பு வந்துரும். அதனாலதான் கோவக்காரங்கள நான் எப்பவும் பழைய ஆளுங்க இருக்கிற இடத்துல கடைசியா கொண்டுபோய்ப் போடுவேன்."

"மீனும் நர்சும் ஒண்ணா?"

"நீங்க லிஃப்டுல எட்டு பேர்னு எழுதி ஒட்டுறீங்களே, எந்த எட்டு பேர்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?"

மீனைப் பிடித்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் ஒப்புக்கொண்டார்.

பிடிப்பது அவர் நினைத்ததுபோல் இல்லை. முதல் நாள் வலையை விட்டார். டாட்டிபேக் ஒரு ஓட்டையில் நுழைந்து வேறொரு ஓட்டையில் எட்டிப் பார்த்தது. இரண்டாம் நாள் வலது கையில் வலை, இடது கையில் குச்சி. தரையெல்லாம் உப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் பாறையை ஒன்றொன்றாகத் தூக்கப் பார்த்தார். மேல்பாறை சரிந்து ஒரு பவளம் முறிந்தது. இருபது மாடிக் கட்டிடத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டு மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவரை, சுண்டுவிரல் நீள மீன் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது. பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் திருப்பிச் செருகிப் பொறி வைத்தார். அதில் கோபி வந்து சிக்கியது. வெளியே விட்டார். மறுபடி கோபியே வந்தது.

"அதுக்கு அங்கதான் நிம்மதியா இருக்கு போல," என்றாள் மனைவி. "விட்டுருங்க பாவம்."

அந்த வாரம் அவளுக்கு ஒரு நாள் விடுப்பு. "நான் பிடிச்சா என்ன தருவீங்க?" என்றாள்.

"நீ பிடிச்சுட்டா, தொட்டிய உன் கையில ஒப்படைச்சிட்டு நான் தள்ளி உட்கார்ந்துக்கிறேன்."

அவள் அவருடைய பொருள்களிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அதன் வாய்க்கு அவர் ஒரு தூக்குக் கதவு செய்து கொடுத்தார்; அதைத் தூக்கிப் பிடிக்க அவள் தூண்டில் நரம்பைக் கட்டினாள். கதவு லிஃப்ட் கதவைவிட வழுவழுவென்று இறங்கியது. பெட்டியைத் தொட்டியின் ஓரச் சுவரை ஒட்டி உள்ளே இறக்கி, அதன் மூடிய முனைக்கு நேராகத் தொட்டிக்கு வெளியே தன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள்.

"சாப்பாடு வைக்கலையா?"

"அவருக்குப் பசி இல்ல. வேற ஒருத்தன் வந்துட்டான்னு தெரியணும், அவ்வளவுதான்."

ஒரு மணி நேரம் நரம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவர் பின்னால் நின்று, "இப்ப விடு... இல்ல, இப்ப..." என்று முணுமுணுத்தார். "நீங்க சமையலறையில போய் நில்லுங்க," என்றாள் அவள். அவர் போனார். டாட்டிபேக் பாறையிலிருந்து வந்தது; கண்ணாடியில் தன்னைப்போலவே ஊதாச் சட்டை போட்ட ஒருத்தனைப் பார்த்தது; வாயைப் பிளந்துகொண்டு அவனைக் கடிக்கப் பாய்ந்தது. நரம்பு தளர்ந்தது, கதவு இறங்கியது.

"ஏங்க," என்று கூப்பிட்டாள் அவள், மிகவும் சாதாரணமாக. "டீ போட்டீங்கன்னா எனக்கும் ஒண்ணு."

கடைக்கு இருவருமாகப் போனார்கள். கடைக்கார அம்மா மீனை வாங்கிக்கொண்டு சிரித்தார். "அன்னிக்கே சொன்னேனே அண்ணே, கடைசியா விடுங்கன்னு."

மனைவி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த பம்பு விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

"தாராளமா விடலாம்னாங்களோ?" என்றாள்.

"அது வந்து... பாதிதான் காதுல விழுந்துச்சு."

"ஊதாப் பாதியா, மஞ்சள் பாதியா?"

கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

மனைவி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. மீன் எந்த உயரத்தில் இருக்கும், என்ன சாப்பிடும், யாரோடு ஆகாது, எந்த வாரம் சேரவேண்டும். மேலே ஒன்று, நடுவே ஒன்று, மணலில் ஒன்று. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போடக் கூடாது. கடைக்கார அம்மா அதைக் கையில் வாங்கி, "இருபது வருஷமா கடை வச்சிருக்கேன் அக்கா, இப்படி ஒருத்தரும் வந்ததில்ல," என்றார். இருவரும் முக்கால் மணி நேரம் தாளைக் குனிந்து பார்த்துப் பேசினார்கள். மெக்கானிக்கை யாரும் எதுவும் கேட்கவில்லை. சொன்ன வாக்குப்படி அவர் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

கோமாளி மீன் ஜோடி ஒன்று முடிவானது. ஒரு கட்டம் காலியாக இருந்தது. "இதுல சாது யாரையாவது போடணும், பாறைப் பக்கம் இருக்கிற மாதிரி," என்று சொல்லிவிட்டு, மனைவி குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள். கடைக்கார அம்மா உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார்.

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார். முன்பாதி ஊதா. பின்பாதி மஞ்சள்.

"அதே மீன்தானே!"

"அதே சட்டை, வேற ஆளு," என்றார் கடைக்கார அம்மா. "இது கிராமா. நடுவுல பாருங்க, ஊதா மஞ்சள்ல மெதுவா கலக்கும், கோடு இருக்காது. யாரு வம்புக்கும் போகாது."

அவர் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலில், "எனக்காகக் கேட்டியா?" என்றார்.

"கட்டம் காலியா இருந்துச்சு, அதனால கேட்டேன்," என்றாள் அவள்.

கிராமா வந்த மறுநாள் அவர் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணினார். "பாறைக்கு அடியில தலைகீழா தொங்குது! செத்துருமா?"

"கடைக்காரம்மா சொன்னாங்களே, அது அப்படித்தான் தொங்கும்னு. அந்தப் பாதியும் காதுல விழலையா?"

ஃபயர்ஃபிஷ் நடுத் தண்ணீருக்குத் திரும்பியது. கோபி மணலைத் தோண்டி வீடு கட்டியது. இரண்டு வாரத்தில் ஒரு சண்டை இல்லை. தன் பட்டியலைப் பற்றி மனைவி வார்டு வார்டாகச் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம், முறிந்த பவளத்தைப் பாறையில் ஒட்டவைக்க அவள் கையை உள்ளே விட்டாள். கோமாளி ஜோடியில் பெரியது நேராக வந்து அவள் விரலைக் கடித்தது. அவள் "ஆ!" என்று கையை இழுக்க, மறுபடி துரத்தி வந்து கடித்தது.

மெக்கானிக் ஓடிவந்து விரலைப் பார்த்தார். காயம் இல்லை. அதன்பிறகுதான் சிரித்தார். அப்புறம் பேனாவை எடுத்துப்போய் அவள் தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்து, தலைப்பு எழுதினார்: 'மேலதிகாரியோடு ஆகுமா?'

"சிரிங்க, சிரிங்க," என்றாள் அவள், விரலை உதறியபடி. "அதத் திருப்பிக் கொடுக்க மாட்டேன், தெரிஞ்சுக்கோங்க. பெரியதுதான் பொம்பளையாம். அது வீட்ட அது பாத்துக்குது."

சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டிக்கொண்டு, மறுபடி தொட்டிக்குள் கையை விட்டாள்.