ஐந்து நிமிஷத்துக்குப் பேரம்

மன்னிப்புக்கு ஸ்வர்ணலதா வைத்த விலை ஐந்து நிமிஷம். ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனாலும், டெலிபோன் லைன் அறுந்தாலும், மோடம் சூடேறிப் படுத்துக்கொண்டாலும் ஐந்து நிமிஷத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும், வராதவர் தோற்றவர். இதைப் போட்டி விதிகளில் ஆறாவதாக எழுதி, பதினாறு ஆட்டக்காரர்களுக்கும் மெயில் அனுப்பி, ஒரு பிரிண்ட் எடுத்துத் தன் பிரவுசிங் சென்டரின் கண்ணாடிக் கதவிலும் ஒட்டிவைத்தாள்.

ஐந்து நிமிஷத்தில் யாராலும் திரும்பி வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும். 2005-ஆம் வருஷத்து ஆரணியில் கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்திருக்கவே நாலு நிமிஷம் பிடிக்கும். ஆனால் ஸ்வர்ணலதா பட்டு வியாபாரி வீட்டுப் பெண். ஆறாயிரத்துக்குக் கொடுக்கப்போகிற சேலைக்கு ஒன்பதாயிரம் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள். பத்துக்குக் கொடுக்க நினைத்தால் ஐந்து என்று ஆரம்பிக்க வேண்டும். கேட்பவன் இருபதில் ஆரம்பிப்பான். நடுவில் எங்காவது படியும். எடுத்த எடுப்பில் பத்து என்று எழுதிவிட்டால் கேட்க வருகிறவனுக்கு என்ன மரியாதை?

விளையாட்டின் பெயர் நவகோட்டை. பத்துப் பத்தாகப் பாக்கெட்டில் விற்கிற படக் கார்டுகள். நண்பர்களோடு மாற்றிக்கொண்டு, நாற்பது கார்டில் ஒரு கட்டுச் சேர்த்து, எதிராளியின் ஒன்பது கோட்டைகளையும் உடைக்க வேண்டும். உள்ளூரில் சரியான ஜோடி கிடைக்காதவர்கள் தங்கள் கட்டின் விவரத்தை ஸ்வர்ணலதாவுக்கு அனுப்பிவிட்டு, அதையே கம்ப்யூட்டரில் ஏற்றி, நெட் வழியாக மோதிக்கொள்வார்கள். கார்டு அச்சடிக்கிற பெங்களூர் கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது: இந்த ஒரு போட்டியை வில்லங்கம் இல்லாமல் நடத்திக் காட்டினால், மாநிலத்துக்கான நெட் போட்டிகள் எல்லாம் இனி ஆரணியிலிருந்துதான். திங்கட்கிழமை ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டும். சென்னையில் மூன்று பேர் அதே வேலைக்கு வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள்.

விதியைப் படித்ததும் உள்ளூர்க்காரர்கள் வழக்கப்படி வந்து சேர்ந்தார்கள். முதலில் பரிமளா. பட்டுக் கடையில் பில் போடுகிறவள், ஸ்வர்ணலதாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சு.

"இன்னாடி இது அஞ்சு நிமிஷம்? அதுக்குள்ள பால்கூட பொங்காது."

"உனக்கு எவ்ளோ வேணும்?"

"இருபது."

"இருபது நிமிஷத்துல நீ சேத்துப்பட்டுக்கே போய்ட்டு வந்துடுவே. எட்டு."

"பதினஞ்சு. உன் கல்யாணத்துக்கு மொய் எழுதினவ நானு."

"அதை உன் கல்யாணத்துல திருப்பிட்டேன். பாத்துக்கலாம் போ."

ஆரணியில் 'பாத்துக்கலாம் போ' என்றால் பேரம் படிந்தது என்று அர்த்தம். எத்தனைக்குப் படிந்தது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை.

கால் இறுதியில் பரிமளாவுக்கு எதிராளி ஜெயக்குமார். முள்ளிப்பட்டுப் பையன், வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்திருப்பவன், நாக்கில் எண்ணெய் தடவிக்கொண்டு பிறந்தவன். பாதி ஆட்டத்தில் அவன் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. டி.வி.எஸ்.ஸை முறுக்கிக்கொண்டு ஸ்வர்ணலதாவின் சென்டருக்கே வந்து உட்கார்ந்தான். சென்டரில் இருந்தபடியே ஆடிக்கொண்டிருந்த பரிமளா கைக்கடிகாரத்தைக் காட்டினாள்.

"பதினாலு நிமிஷம்டா."

"எட்டு ஊரு தாண்டி வரேன்க்கா, கொஞ்சம் பாத்துப் போடுங்க."

"முள்ளிப்பட்டுலேர்ந்து எட்டு ஊரா? சரி, ஆடித் தொலை."

விட்டுக்கொடுத்தாள். தோற்றும் போனாள்.

சனிக்கிழமை அரை இறுதி. மறுபடி சென்டரிலேயே ஜெயக்குமார். மறுமுனையில் தூத்துக்குடி அருணகிரி, கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவன். ஜெயக்குமாருக்கு ஆறு கோட்டை போய்விட்டது, அருணகிரிக்கு இரண்டுதான். அந்த நேரம் பார்த்துத் தூத்துக்குடி லைன் அறுந்தது. ஏழாவது நிமிஷம் அவன் திரும்பி வந்தபோது ஜெயக்குமார் சாட்டில் ஒரே வரி தட்டினான்: டைம் முடிஞ்சிபோச்சு, ரூல் ஆறு.

பிறகு கவுண்டருக்கு வந்து நின்றான். "அக்கா, ஃபைனலுக்கு வந்துட்டேன்."

நடந்ததைக் கேட்டுக்கொண்ட ஸ்வர்ணலதா, "அவரு இன்னா சொன்னாரு?" என்றாள்.

"வாழ்த்துகள்னாரு."

"கூட எவ்ளோ கேட்டாரு?"

"கேக்கவே இல்லக்கா. போய்ட்டாரு."

விலை கேட்டுவிட்டுப் பேசாமல் இறங்கிப் போகிற கிராக்கியை எந்த வியாபாரியும் அப்படியே விட மாட்டான். ஸ்வர்ணலதா தூத்துக்குடிக்குப் போன் போட்டாள்.

"ஏழு நிமிஷத்துல வந்துட்டீங்களே, ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"எதைக் கேக்கணும், மேடம்?"

"டைமு. கூடக் குடுங்கன்னு."

"அப்படிக் கேக்கலாமா? அஞ்சுன்னுதான போட்டிருந்தீங்க. எனக்கு ஏழு ஆயிட்டு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. கோபக்காரனிடம் பேரம் பேசலாம். இவன் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிற ஜாதி. அவனிடம் போய் ஒன்பதாயிரம் சொல்லிவைத்திருக்கிறாள். உள்ளூர்க்காரனுக்குப் பதினாலு, வெளியூர்க்காரனுக்கு ஐந்து. ஒரே கடையில் இரண்டு படி. பெங்களூருக்கு இது தெரிந்தால், இவள் நடத்தியது போட்டி இல்லை, சொந்தக்காரர்களுக்குப் போட்ட பந்தி என்று சொல்லிவிடுவார்கள். சொல்வதிலும் தப்பில்லை.

"லைன்லயே இருங்க," என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஜெயக்குமார் பக்கம் திரும்பினாள்.

"திரும்ப ஆடணும்டா."

"இன்னாக்கா பேஜாரு? ரூலு நீங்க போட்டது. நானா போட்டேன்?"

"சரி, ரூலையே வெச்சிக்கலாம். அஞ்சுன்னா அஞ்சு. கால் இறுதியில நீ பதினாலு. பரிமளா கடையிலதான் இருப்பா, கூப்பிட்டு 'நீதான்டி ஜெயிச்சே'ன்னு சொல்லிடறேன்."

"அது அவங்களா குடுத்ததுக்கா."

"வாங்கிகினவன் நீதானே. உனக்கு ஒரு படி, அவருக்கு ஒரு படியா? எந்தப் படின்னு நீயே சொல்லு. அளந்துடறேன்."

ஜெயக்குமார் கதவில் ஒட்டியிருந்த விதியைப் பார்த்தான். அதில் ஒதுங்க இடம் இல்லை. உடனே சரக்கை மாற்றினான்.

"ஆடறேன். ஆனா முதல்லேர்ந்து. அவருக்கு ரெண்டு கோட்டை போச்சு, எனக்கு ஆறு போச்சுன்னு ஆரம்பிக்க மாட்டேன்."

"விட்ட இடத்துலேர்ந்துதான் நியாயம்."

"அப்படின்னா பரிமளாக்காவையே கூப்பிடுங்க. ரெண்டும் தோல்விதானே எனக்கு."

பையன் கெட்டிக்காரன். மனதுக்குள் மெச்சிக்கொண்டாள், முகத்தில் காட்டவில்லை. "முதல்லேர்ந்து. ஆனா முதல் கார்டு இறக்கறது அவரு."

"விடுங்க, ஓகே."

ரிசீவரிலிருந்து கையை எடுத்து அருணகிரியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"சரிங்க மேடம்."

"இப்படிச் சட்டுன்னு சரி சொல்லாதீங்க. ஜெயிச்சிகினு இருந்த ஆட்டத்தை விட்டுத் தரீங்க. ஏதாவது கேளுங்க."

அருணகிரி கடன் கேட்கிறவனைப் போல, "முதல் கை கார்டு பிடிக்கலைன்னா ஒரு தடவை மாத்திக்கலாமா?" என்றான்.

"மாத்திக்குங்க."

பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டிருந்த ஜெயக்குமார் தலையில் அடித்துக்கொண்டான். "கேக்கத் தெரியாதவருக்கு ட்யூஷன் எடுக்கறீங்களேக்கா."

அன்று சாயங்காலமே கதவிலிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள். பத்து நிமிஷம், உள்ளூர், வெளியூர் எல்லோருக்கும், பேரம் கிடையாது. பதினாறு பேருக்கும் மெயில் போனது. பழைய விதி ஏன் தவறு, யாருக்கு அதனால் நஷ்டம் என்பதும் அதில் இருந்தது. கடை மூடிவிட்டு வந்த பரிமளா தாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி, செருப்புக் கடை மாதிரி ஃபிக்ஸட் ரேட்டா?"

"ஆமா."

"பத்துன்னா, அன்னிக்கு அவன் பதினாலு."

"நீயா குடுத்தது. என்கிட்ட ஏன் கேக்கறே?"

"அஞ்சுன்னு ஒட்டி வெச்சிட்டு 'பாத்துக்கலாம் போ'ன்னது யாரு? அந்த வாய்க்குத்தான் நான் குடுத்தேன். இல்லாட்டி அந்த முள்ளிப்பட்டானுக்கு ஒரு நிமிஷம் குடுத்திருப்பேனா?"

ஸ்வர்ணலதா கதவுத் தாளின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"அடுத்த போட்டியில பாத்துக்கலாம்," என்றாள்.

"எழுதிக் குடு," என்றாள் பரிமளா.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. அருணகிரி முதல் கை கார்டுகளை மாற்றிக்கொண்டான். மாற்றி வந்தது முன்னதைவிட மோசம் என்று பிறகு தெரிந்தது. அப்படியும் ஒன்றரை மணி நேரம் இழுத்து, தன் பக்கம் ஒரே ஒரு கோட்டை மிச்சமிருக்க ஜெயித்தான். ஜெயக்குமார் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"அக்கா, நேத்து நான் ஒண்ணு, இன்னிக்கு அவரு ஒண்ணு. நேராயிடுச்சு. மூணாவது ஒண்ணு வெச்சாத்தானே முறை?"

"நேத்தையது கணக்குலயே இல்ல. எழுந்திரு, ஃபைனலுக்கு சிஸ்டம் வேணும்."

"கொஞ்சம்கூட பேரம் பேச மாட்டீங்களா?"

"கதவைப் படிச்சியா இல்லியா?"

சாயங்காலம் நடந்த இறுதி ஆட்டத்தில் அருணகிரியைக் கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி சுலபமாக வென்றாள். லைன் ஒரு தடவையும் அறுந்துபோகவில்லை. திங்கட்கிழமை காலையில் ஸ்வர்ணலதா ரிப்போர்ட்டை டைப் செய்தாள். சென்னை மூன்று பேரும் பளபளவென்று அட்டை போட்டு அனுப்புவார்கள் என்று தெரியும். அவள் ஒரே பக்கத்தில் முடித்தாள். விதி ஆறை எழுதியது தன் பிழை என்பது மேல் பாதி. கீழ்ப் பாதி இப்படி இருந்தது:

ஆட்டக்காரர்கள் பதினாறு. நடக்க வேண்டிய ஆட்டம் பதினைந்து, நடந்தது பதினாறு. அதிகப்படி ஒன்று, அமைப்பாளர் பொறுப்பு. வந்த புகார் இல்லை. வந்திருக்க வேண்டிய புகார் இரண்டு: தூத்துக்குடி, தீர்ந்தது; ஆரணி, தீரவில்லை. பாக்கி: பரிமளாவுக்கு நாலு நிமிஷம்.