நாலில் ஒன்று

சாம்சன் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார். "எனக்குள்ள ஒரு மரபணு பழுது, ஜாஸ்மினுக்குள்ளயும் ஒண்ணு. பழுதான ரெண்டும் புள்ளைக்குப் போனா நோய். நாலுல ஒண்ணு அப்படி ஆவும்."

"அப்ப டெஸ்ட்?" என்றாள் மரபியல் ஆலோசகர் சசிரேகா.

"வேணாம் மேடம்."

அவர் இப்படி மறுப்பது இது மூன்றாவது முறை. ஏனென்று சசிரேகாவுக்குப் புரியவில்லை. ஊசிக்குப் பயமில்லை, லீவும் கிடைக்கும் என்கிறார்கள்.

அவர்களுடைய முதல் குழந்தை ஜெனி, தசைகள் நலிந்து மூச்சுவிட முடியாமல் பத்தாம் மாதத்தில் இறந்தாள். ஜாஸ்மினுக்கு இப்போது பன்னிரண்டாவது வாரம். நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கெடுத்துக் குழந்தையின் மரபணுவைச் சோதிக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

"வேணாம்னா சரி. உங்க இஷ்டம்தான். எப்படி அந்த முடிவுக்கு வந்தீங்க, அத மட்டும் சொல்லுங்க."

சாம்சன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பிரேக் பாகங்களைச் சோதித்து அனுப்புபவர். மேசைமேல் விரலால் ஒரு கட்டம் போட்டார். "ட்ரேல நாலு பீஸ் இருக்கு. ஒண்ணு ரிஜெக்ட்டு. அது மொதல்லயே வந்துட்ச்சு. மீதி மூணும் ஓகேதானே?"

"என் பொண்ண ரிஜெக்ட்டுன்னு சொல்லாத" என்றாள் ஜாஸ்மின், தலை நிமிராமல்.

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

பிறகு சசிரேகா, ரத்தக் குப்பிகளின் மூடிகளில் ஆளுக்கொரு சிவப்பும் ஒரு வெள்ளையும் கொடுத்தாள். "சிவப்புதான் பழுது. கையில குலுக்கி, பாக்காம ஆளுக்கு ஒண்ணு வைங்க."

சிவப்பும் வெள்ளையும் விழுந்தன. மூடிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு வெள்ளை. மறுபடி. இரண்டு சிவப்பு. மறுபடி. மீண்டும் இரண்டு சிவப்பு.

சாம்சன் மூடிகளையே பார்த்தார். "அடுத்தடுத்து வர்துங்களே."

"வரும். வராமலும் போகும். உங்க ட்ரேல எடுத்தா குறையும். இங்க குறையறதில்ல, மூடி திரும்பக் கைக்கே வந்துடுது. முன்னாடி இன்னா வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப ஜெனி போனதால இதுக்கு ஒண்ணும் கொறையல."

"இல்ல."

ஜாஸ்மின் மூடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்தாள். "தெரிஞ்சிக்கலாம்ங்க. எதுவா இருந்தாலும் இந்த வாட்டி முன்னாடியே தெரியட்டும்."

சாம்சன் தலையசைத்தார். வியாழக்கிழமை காலைச் சோதனைக்குப் பெயர் எழுதினார்கள். ஆபத்து முதல் குழந்தையோடு தீர்ந்துபோவதில்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது நாலில் ஒன்றுதான்.