இருபத்தொன்பது டிகிரியில் எழுதிய கதை

1

இந்தக் கதை பெருமையடித்துக்கொள்வதற்காக எழுதப்படுகிறது. வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. என் நாத்தனாரைப் பற்றி நாலு பேரிடம் சொல்லியாக வேண்டும். போன் போட்டுச் சொல்லலாம் என்றால் போனில் சார்ஜ் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாத்தனார் என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், கவனித்தேன். ஒரு சண்டை, கொஞ்சம் ஜாடைப்பேச்சு, கடைசியில் தனிக்குடித்தனம் என்று எதிர்பார்க்கிறீர்கள். மன்னிக்கவும், அந்தச் சரக்கு இந்தக் கடையில் இல்லை.

புயல் அடித்து மின்சாரம் போய் இன்றோடு நாலாவது நாள். வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். கூடத்தில் மீன்தொட்டிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தொட்டியில் ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன், சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி வட்டமாக, தட்டையாக. அவற்றின் விலாவில் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எள்ளுக்கு வால் முளைத்தால் அந்த அளவு. தாய் தகப்பன் தோலில் ஊறும் வழுவழுப்புதான் அவற்றுக்குச் சாப்பாடு. தண்ணீர் இருபத்தொன்பது டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்தால் பெரிய மீன்கள் சோர்ந்துபோய்க் குஞ்சுகளை உதறிவிடும், தின்றாலும் தின்றுவிடும். ஹீட்டர் ஓட மின்சாரம் இல்லை. கதையின் பிரச்சினை இவ்வளவுதான்.

(ஒரு எச்சரிக்கை. இதில் சில வாக்கியங்கள் பாதியில் அறுந்து நிற்கும். வாளி காலியானால் நான் எழுந்து போக வேண்டும். திரும்பி வருவதற்குள் வாக்கியம் ஆறிப்போயிருக்கும். ஆறியதைச் சுடவைத்துப் பரிமாறும் பழக்கம் எனக்கில்லை. என்ன வாளி என்று பிறகு சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "புயல் ஓய்ந்த காலையில் அந்தத் தொட்டி ஒரு பெரிய கண்ணைப் போல" – வேண்டாம். தொட்டி தொட்டியைப் போலத்தான் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: "அவள் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதுமே அவள் வாழ்க்கை." இதை நாத்தனார் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"அண்ணி, நான் எங்க மேல போறேன்? லிஃப்ட்தான் போகுது. நான் அடியில குழிக்குள்ள உக்காந்து கிரீஸ் தடவிக்கிட்டு இருக்கேன்."

"ஒரு அழகுக்கு எழுதினேன்டி."

"அழகுக்கு வேற யாரையாவது எழுதுங்க."

மூன்றாவது தொடக்கத்தில் மீன் கடைக்காரர் வருகிறார். நாத்தனாருக்கு இந்த ஜோடியை விற்றபோதே அவர் சொல்லிவிட்டார்: "பாக்க வச்சுக்கம்மா. வீட்டுத் தொட்டியில இது குஞ்சு வளக்காது." முன்பு மூன்று தடவை முட்டையிட்டு, மூன்று தடவையும் தாங்களே தின்றுவிட்டன. நாலாவது தடவை பொரிந்தது. பொரிந்த மறுநாள் புயல். குஞ்சுகள் நீந்திப்போய் முதல் முதலாக விலாவில் ஒட்டியதே இருட்டு வீட்டில்தான். அன்றைக்கு நாத்தனார் தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் தொடுறதெல்லாம் இரும்பு அண்ணி. உசுருள்ளது ஒண்ணாவது என் கையால வளரட்டுமே."

இதையே தொடக்கமாக வைத்திருக்கலாம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். நான் மூன்று தொடக்கத்தையும் வெட்டாமல் இங்கேயே போட்டுவிட்டேன்.

3

இனி கொஞ்சம் கட்டுரை. ஹீட்டர் இல்லாமல் ஒரு தொட்டியைச் சூடாக்க எங்கள் வீட்டில் யோசித்த வழிகள்.

போர்வை. முதல் நாளே மூன்று பக்கமும் தெர்மாகோல் அட்டை வைத்து, மேலே இரண்டு கம்பளியைச் சுற்றிவிட்டாள். இது சூடு தராது, இருக்கிற சூட்டை ஓடவிடாது. என் கணவர் அன்றைக்குப் போர்வையில்லாமல் படுத்தார் என்பதை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்.

மெழுகுவத்தி. தொட்டியைச் சுற்றி ஏற்றிவைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அறையில் புகை, பக்கத்தில் தெர்மாகோல். நடந்திருந்தால் இந்தக் கதையை நான் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

வெந்நீரை நேராக ஊற்றுவது. "அதுக்குப் பேரு சமையல்," என்றாள் நாத்தனார்.

பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் அடைத்து மிதக்க விடுவது. நல்ல வழி, ஆனால் ஏறினால் ஒரேயடியாக ஏறும், ஆறினால் ஒரேயடியாக இறங்கும். இரண்டாம் நாள் காலைவரை பாட்டில்தான் ஓடியது. தெர்மாமீட்டர் முள் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் முகமும் ஏறி இறங்கியது. மத்தியானம் அவள் பரணிலிருந்து ஏணியை எடுத்து வந்து தொட்டிக்குப் பக்கத்தில்

(வாளி.)

4

ஏணியை எடுத்து வந்தாள். அதன் உச்சிப் படியில் ஒரு வாளி வெந்நீரை ஏற்றிக் கயிற்றால் கட்டினாள். தரையில் காலி வாளி. நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், மேல்வாளியிலிருந்து இறங்கி, தொட்டிக்குள் கூழாங்கற்களுக்கு அடியில் சுருள் சுருளாகச் சுற்றி, வெளியேறிக் கீழ்வாளியில் விழுந்தது. வாயால் ஒருமுறை உறிஞ்சிவிட்டாள், அவ்வளவுதான். வெந்நீர் தானாக இறங்கியது. வெந்நீரும் மீன் தண்ணீரும் ஒன்றையொன்று தொடவில்லை, சூடு மட்டும் கைமாறியது. வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் குழாய் முனையில் துணி காயப்போடும் கிளிப். கீழ்வாளி நிறைந்தால் கேஸ் அடுப்பில் சுடவைத்து மறுபடி மேலே ஏற்ற வேண்டும்.

தெர்மாமீட்டர் இருபத்தொன்பதில் போய் நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"எப்பிடி அண்ணி?" என்றாள். தன்னடக்கம் என்ற சொல் அவள் அகராதியில் கிடையாது. "கரண்டு எதுக்கு? ஏத்துறதும் இறக்குறதும் நம்ம வேலை. வெந்நியையும் அப்பிடியே இறக்கியாச்சு."

வாளிக்கு முறை போட்டோம். என் முறையில்தான் இதை எழுதுகிறேன்.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. என் மாமனார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வேலையில் கத்த வேண்டியதை எல்லாம் கத்தி முடித்துவிட்டு வீட்டில் வாயே திறப்பதில்லை. இப்படி ஒருவரைக் கதையில் வைத்தால் நம்புவீர்களா?

நம்புவதற்கு இந்த வீட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே யாரும் உதவியைச் சொல்லிச் செய்வதில்லை. சொல்லிவிட்டால் அது உதவியே இல்லை, சொல்லிக்காட்டுவது. மாமனார் சத்தமில்லாமல் தண்ணீர்த்தொட்டியை நிரப்பிவிடுவார், தெரியாமல் என் கணவரும் நிரப்பப் போவார், மாடியில் வழியும். தேநீரில் நாலு பேர் நாலு தடவை சர்க்கரை போடுவோம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது நானும் அப்படித்தான்.

நேற்றுச் சாயங்காலம் தெர்மாமீட்டர் முப்பத்தைந்தைத் தொட்டது.

6

பெரிய மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தன. தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் நிற்காது. குஞ்சுகள் விலாவிலிருந்து உதிர்ந்து அடியில் சிதறிக் கிடந்தன.

நாத்தனார் போர்வையை இழுத்தெறிந்தாள். குழாயை மடக்கிப் பிடித்தாள். பிறகு தொட்டிக்குள் கைவிட்டு எடுத்தாள், ஒரு வெந்நீர் பாட்டில். வடிகட்டிப் பஞ்சுக்குப் பின்னால் இன்னொன்று. செடிக்கு நடுவில் இன்னொன்று. மூலையில் நாலாவது. வீட்டில் நாலு பேர். "இது நான் வச்சது," என்று நாலாவதைப் பார்த்து அவளே சொன்னாள். குழாய் போதாமல் போய்விடுமோ என்று அவளுக்கே ஒரு பயம், எங்களிடம் சொல்லவில்லை.

என் கணவர் குளிர்ந்த தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஊத்தாதண்ணா! லிஃப்ட்டையே சடார்னு நிறுத்தினா கயிறு அறுந்துரும். சூட்டையும் மெல்லத்தான் இறக்கணும்."

சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள். மறுபடி மொண்டாள். மறுபடி ஊற்றினாள். விழும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், சூடும் மெல்லக் குறையும். அவள் கை ஓய்ந்ததும் என் கணவர் வாங்கிக்கொண்டார், பிறகு நான், பிறகு மாமனார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் என்று தொடங்கும் பழமொழியை இங்கே நான் எழுத வேண்டும். மாமனார் அதை முணுமுணுக்கும் குரலில் சொல்லிவிட்டதால் விட்டுவிடுகிறேன்.

முள் இறங்கியது. மீன்கள் நடுத் தண்ணீருக்கு இறங்கின. குஞ்சுகள் ஒவ்வொன்றாக எழும்பித் தாயின் விலாவைத் தேடிப் போயின. எல்லாம் போகவில்லை.

நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்து நின்றோம். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.

"ஓவர்லோடு. அவ்வளவுதான். யாரு ஏறினா, எதுக்கு ஏறினான்னு நான் கேக்கல. இனிமே ஏறுறவங்க சத்தம் போட்டுட்டு ஏறுங்க."

இன்று காலையில் கூடத்தில் ஒரு குரல் கேட்டது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத குரல். "வாளி ஏறுது! வழி விடு, வழி விடு! ஏறியாச்சு... ரைட்!" பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

7

முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

அ) மின்சாரம் வருகிறது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். நாத்தனார் படித்துவிட்டு, "அப்ப அந்த ஹீட்டர்தான் ஹீரோவா? என் குழாய் என்ன, ஓரமா நிக்கிற ஆளா?" என்றாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

ஆ) குஞ்சுகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கடைசிக் குஞ்சும் போனபின் அவள் வெறும் கூழாங்கற்களைப் பார்த்தபடி (மாமனார் படித்தார். "எதுக்கும்மா?" என்றார். அதற்கு மேல் எழுத வரவில்லை.)

இ) எனக்குப் பிடித்த முடிவு. மீன் கடைக்காரர் வீட்டுக்கு வருகிறார். வாளியை, ஏணியை, குழாயைப் பார்க்கிறார். குஞ்சுகளைப் பார்க்கிறார். வாயடைத்துப்போகிறார். இதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதிவைத்திருந்தேன். ஆசை தீர எழுதினேன், அவர் முகம் போன போக்கைக்கூட விடவில்லை.

நாத்தனார் அந்தப் பக்கத்தைப் படித்தாள். சிரிக்கவில்லை.

"அவரு கடையில எத்தனை தொட்டி இருக்கும் அண்ணி?"

"ஏன்? சுவர் முழுக்க இருக்கும்."

"அவருக்கும் கரண்டு இல்லல்ல?"

நான் அதை யோசிக்கவே இல்லை. எழுதுகிற எனக்கு அவர் ஒரு முகம், வாயடைத்துப்போக வேண்டிய முகம். அவளுக்கு அவர் குளிரில் பாட்டில் மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு ஆள்.

மிச்சமிருந்த குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டினாள். அண்ணனை இரண்டு வாளி தூக்கச் சொன்னாள். வாசலில் நின்று தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதை விட்டு நாலு நாளாக அவள் ஒரு எட்டு நகர்ந்ததில்லை.

"கூறுகெட்டவளே, குஞ்சுங்களை விட்டுட்டா போற?" என்றேன்.

"நீங்க இருக்கீங்கல்ல? பாத்துக்கங்க."

நாலு பாட்டிலில் ஒன்று நான் வைத்தது என்று தெரிந்தும் சொன்னாள். போய்விட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அடக்கமாகச் சொல்ல வழி தெரியவில்லை. இவள் என் நாத்தனார். தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நிறுத்தவும் செய்தேன். உங்களைத்தான்.

8

குஞ்சுகள் பிழைக்குமா என்று கேட்பீர்கள். தெரியாது, சத்தியமாக. தெரிந்த பிறகு எழுதலாமே என்பீர்கள். மாட்டேன். பிழைத்தால் அவள் ஜெயித்தாள் என்று சொல்வீர்கள், பிழைக்காவிட்டால் பாவம் என்பீர்கள். அவள் வாசலைத் தாண்டிப் போனதை நான் பார்த்தாகிவிட்டது. குஞ்சுகளின் கணக்கைக் கொண்டு அதைக் கூட்டவோ குறைக்கவோ நான் விடமாட்டேன்.

மாமனார் அவர் முறை முடிந்து தூங்குகிறார். எழுப்ப மனமில்லை.

இப்போதுதான் தாய் மீன் உடம்பை வெடுக்கென்று ஒரு சிலுப்பு சிலுப்பியது. களைத்துப்போனால் அப்படிச் செய்யுமாம். குஞ்சுகள் மொத்தமாகக் கிளம்பி, பக்கத்தில் வந்து நின்ற தகப்பன்மேல் போய் ஒட்டிக்கொண்டன. தகப்பன் அசையாமல் நிற்கிறது.

மேல்வாளி காலி. நான் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறேன். முக்காலி இதோ இருக்கிறது, உட்காருங்கள். தெர்மாமீட்டர் இடது மூலையில். இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் எனக்கு ஒரு குரல் கொடுங்கள். கண்ணாடியைத் தட்டாதீர்கள். குஞ்சுகள் உங்கள் பக்கம்தான் இருக்கின்றன.