கரி உலையோரம்

போரில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து, டீசலும் தீர்ந்துபோன பிறகு தேயிலை ஆலையின் எஞ்சின் உலையில் கரியை எரித்து எடுத்த வாயுவில்தான் ஓடியது. அந்தக் கரி உலையைப் பார்த்துக்கொண்டவன் லியோனார்ட். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று ஜப்பான்காரன் சன்னல்களையெல்லாம் சாக்கால் அடைக்க வைத்திருந்தான்.

அன்று காலை லியோனார்ட் வாந்தியெடுத்தான், தள்ளாடினான். தள்ளாடுகிறவனுக்கு எஸ்டேட்டில் ஒரே பெயர்தான், குடிகாரன். அரிசி கிடைக்காத காலத்திலும் மரவள்ளிச் சாராயம் மட்டும் எப்படியோ கிடைத்தது. கங்காணி சிங்காரத்துக்குச் சந்தேகமே வரவில்லை. நல்ல மனசுக்காரர் வேறு. ஜப்பான்காரன் பார்த்தால் தோலை உரித்துவிடுவான் என்று, குடித்தவனைத் தெளியவைக்கும் வழக்கப்படியே புளித்தண்ணீர் புகட்டி, கம்பளி சுற்றி, உலையோரம் கதகதப்பாகப் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்த நல்ல மனசில் இடி விழ!

மத்தியானம் அவித்த மரவள்ளியோடு அவன் மனைவி ரோஸ்மேரி வந்தாள்.

“சத்தம் போடாத தங்கச்சி. உள்ள பத்திரமா படுக்க வச்சிருக்கேன். தெளிஞ்சிரும்லா.”

“அவரு சாராயத்தத் தொட்டதே இல்லண்ணே!”

எல்லாப் பெண்டாட்டிகளும் சொல்வதுதான் என்று கங்காணி சிரித்தார். அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். அவன் அசையவில்லை. அவள் போட்ட கூச்சலில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் கிரகரி ஓடிவந்தார்.

“இது சாராயமில்ல, கரிப்புகை! வெளிய தூக்குங்க!”

புல்லில் குப்புறப் போட்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பி, முதுகை அழுத்தி அழுத்தி விட்டார். குளிருமே என்று கம்பளியோடு சூழ்ந்தவர்களை விரட்டினார். “காத்துதான் மருந்து, தள்ளி நில்லுங்க!” ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை லோரியில் உடைந்த இரும்பைப் பற்றவைக்கவென்று ஜப்பான் பட்டாளம் கொண்டுபோயிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் அழுதேவிட்டார்.

கடைசியில் மூச்சு வந்தது. ரோஸ்மேரி மாதாவுக்கு நன்றி சொன்னாள். அவசரப்பட்டுவிட்டாள்.

உயிர் வந்தது, நினைவு வரவில்லை. ஊட்டினால் தின்றான், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான். அவளை யாரோ எவரோ போல “அம்மா” என்றான். “கொஞ்ச நாள் போகட்டும்மா, திரும்பினாலும் திரும்பலாம்,” என்றார் கிரகரி. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தினமும் மரவள்ளி அவித்தாள்.

ஜப்பான்காரன் காத்திருக்கவில்லை. உலைக்கு ஆகாதவன் சயாமில் ரயில் பாதை போட ஆவான் என்று லோரி வந்தது. அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. மற்றவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்து ஏற்றினார்கள். லியோனார்ட் சொன்னவுடன் ஏறினான். ரோஸ்மேரி பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

அவன் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்துவிட்டான்.

“லோரி கிளம்புதும்மா, விழுந்துருவீங்க. வீட்ல தேடுவாங்க, போங்க.”