பட்டை என்று கேட்டது

போன தடவை பத்து சுண்டெலிகளில் எட்டு கருவைக் காப்பாற்றிக்கொண்டன. அதே ஊசி, அதே அளவு சாறு. இந்தத் தடவை பத்துக்கும் கரு போயிற்று. வேலூர்க் கல்லூரி ஆய்வகத்தில் கூண்டுகளுக்கு முன்னால் நின்ற ரஃபத் ஜஹானுக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைத்தால் அதற்கும் ஒரு படிவம் எழுதித் தொலைக்க வேண்டும்.

2004-ஆம் வருஷம் அது. மூன்று வருஷமாக ஒரே கேள்வி. கருவுற்ற எலிக்குக் கிருமியின் நஞ்சை ஊசியில் ஏற்றினால் உடம்புக்குள் அழற்சி கிளம்பிக் கரு கலையும். ஆவாரம் பட்டைச் சாறு அந்த அழற்சியைத் தணிக்குமா? யாருக்காக இந்தக் கேள்வி என்பதை மட்டும் அவள் ஆய்வேட்டில் எழுதவில்லை. அண்ணன் சத்தாரின் மனைவி சுகரா பேகத்துக்கு மூன்று கரு தங்கவில்லை. இப்போது நான்காவது, மூன்றாம் மாதம்.

"மொத தடவ தற்செயலா இருந்திருக்கலாம்மா" என்றார் வழிகாட்டி வில்சன். மூன்று வருஷத்தை ஒரே வார்த்தையில் துடைத்துப் போட்டார் மனுஷன்.

இரண்டு தடவைக்கும் நடுவில் மாறியது பட்டை வந்த இடம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மிச்சப் பட்டைப் பொடியோடு ஆம்பூரில் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறினாள். முதல் தடவைக்கான பட்டையை அவளே திருப்பத்தூர் சாலையோரச் செடியில் உரித்து, தாவரவியல் துறையில் ஆவாரம்தான் என்று சான்றிதழும் வாங்கியிருந்தாள். அது தீர்ந்ததும், இந்தத் தடவைக்கு, தோல் பதனிடும் ஷாப்பில் குடோன் பார்க்கும் சத்தாரிடம் கேட்டு வாங்கினாள். பழைய சான்றிதழே போதும் என்று விட்டுவிட்டாள்.

"அண்ணே, இத எந்தச் செடியில உரிச்சாங்க?"

"செடியா? இன்னா பேசறே? மூட்டையிலேர்ந்து அள்ளிக் குடுத்தேன். தோல் பதம் பண்ற வாட்டில் மரத்துப் பட்டை."

"நான் ஆவாரம் பட்டையத்தானே கேட்டேன்!"

"பட்டைன்னுதான் கேட்டே. ஷாப்புல பட்டைன்னா வாட்டில்தான். மலையிலேர்ந்து லாரியில வருது. தோலுக்கு ஆவாரத்த இப்போ யார் தொடறாங்க?"

ரஃபத்துக்கு உச்சிவரை கோபம் ஏறியது. கால்பங்கு அண்ணன்மேல், முக்கால்பங்கு தன்மேல். தோல் ஊரில் பிறந்தவளுக்கு இதுகூடவா தெரியாமல் போகும்?

"பேஜார் பண்ணிட்டியேண்ணே!"

அப்போதுதான் அடுப்படி வாசலில் சுகரா நிற்பதைப் பார்த்தாள். கையில் டம்ளர்.

"எட்டு எலிக்கு புள்ள தங்குச்சுன்னு நீ சொன்னல்ல? அன்னிலேர்ந்து தெனம் காலையில அந்தப் பட்டையத்தான் கொதிக்க வெச்சுக் குடிக்கிறேன். உங்க அண்ணன்தான் அதே மூட்டையிலேர்ந்து கொண்டாந்தாரு. இது புள்ளைக்கு ஆகுமா, ரஃபத்து?"

அந்தப் பத்து எலிகளும் கருவை இழந்தது நஞ்சாலா, பட்டையாலா? வாட்டிலை மட்டும் கொடுத்துப் பார்த்த எலி ஒன்றுகூட அவளிடம் இல்லை.

"தெரியல, பாபி." சொல்ல நாக்கு கூசியது. "அத கீழ ஊத்துங்க. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சுகரா ஊற்றவில்லை. இன்னொரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"குடிக்கறப்போ ஒமட்டிட்டு வரும் ரஃபத்து. இருந்தாலும் ஒரு நாளும் விடல" என்றாள்.