பெட்டிக்குள் மூன்று துறைமுகம்

“அப்பா, ஒருத்தருக்கு எவ்வளவு புத்தி இருக்கெண்டு எந்தத் தராசில நிறுக்கிறது?”

ஏழு வயதுச் செலீன் இதைக் கேட்டது 1946ஆம் ஆண்டு, கொட்டாஞ்சேனை வீட்டில், காலைத் தேநீர் நேரத்தில். தகப்பன் இராஜநாயகம் கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் கிளார்க். அன்று தாம் நடத்தவேண்டிய பரீட்சையைப் பற்றி அவர் மனைவி மாக்ரெட்டிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிள்ளை காதில் வாங்கியிருந்தது.

“தராசில இல்ல மகள், மணிக்கூட்டில.”

“அப்ப கெதியாச் செய்யிறவைக்குத்தான் புத்தியோ? அம்மா மெதுவாத்தானே தைக்கிறா?”

“நல்லாக் கேள் பிள்ள,” என்றாள் மாக்ரெட். “போன நத்தார்ப் பெருநாளுக்குத் தைச்ச சட்டையில இன்னும் ஒரு நூல் விடேல்ல. அதையும் அந்த மணிக்கூட்டில போடச் சொல்லு.”

இராஜநாயகம் சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்தார். வீதியில் இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

யுத்தம் முடிந்து கப்பல்கள் குறைந்துவிட்டன. கம்பெனியில் கைகாட்டிகள் பன்னிரண்டு பேர். இனி ஆறு பேர் போதும். கப்பலில் சரக்கு வைக்கும் அடியறையின் வாய்க்கருகில் நின்று, கீழே பார்த்துக் கை அசைப்பவர்தான் கைகாட்டி. சுமை தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவனுக்கு அடியறை தெரியாது. கைகாட்டியின் விரலைப் பார்த்துத்தான் அவன் சுமையை ஏற்றுவான், இறக்குவான்.

யாரை வைத்திருப்பது என்று தீர்மானிக்கக் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை சீமையிலிருந்து ஒரு புத்திப் பரீட்சை வரவழைத்திருந்தார். ஒரு மரப்பெட்டி. நீலம், சிவப்பு, மஞ்சள் பூசிய மரக்கட்டைகள் சிறிதும் பெரிதுமாக இருபத்துநான்கு. எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடி போடவேண்டும். நாலு நிமிடத்துக்குள் முடித்தால் கெட்டிக்காரன்; எட்டைத் தாண்டினால் மந்தன். அந்த நிமிடக் கணக்கும், பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதப்பட்ட குற்றங்களும் சேர்ந்து ஆளைத் தீர்மானிக்கும்.

கைகாட்டிகளில் ஒருவரான தங்கையாவின் பெயருக்கு எதிரே ஒரு சிவப்பு வரி இருந்தது: “கயிற்றைச் சரிபாராமல் ஏழு நிமிடம் வேலையைத் தாமதித்தார்.” எழுதியது இராஜநாயகத்தின் கை.

உண்மை வேறு. மே மாதத்தில் ஒருநாள், கையில் கடதாசியும் கண்ணில் எண்ணிக்கையுமாக, அடியறையில் தொங்கும் சுமைக்குக் கீழே போய் நின்றவர் இராஜநாயகம்தான். அது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்ட காரியம். மேலே, நிறுத்து என்று தங்கையாவின் முஷ்டி உயர்ந்தது. தேயிலைப் பெட்டிகள் இராஜநாயகத்தின் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றன. பயத்தில் அவருக்குக் கால் எழும்பவில்லை. கீழே வேலை செய்தவர்கள் மறுமூலையில் முதுகு காட்டி நின்றார்கள். தங்கையாவே இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

ஏன் நிறுத்தினாய் என்று துரை கேட்டபோது, “கயிறு சரியில்லீங்க” என்று மட்டும் தங்கையா சொன்னார். உண்மையைச் சொன்னால் கிளார்க் ஐயாவின் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கிளார்க் ஐயா வாய் திறக்கவில்லை. அதன்பின் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

பரீட்சைக்கு முதல் ஆளாக வந்த கைகாட்டி சிறில் மூன்றரை நிமிடத்தில் மூடியைத் தட்டிவிட்டு எழும்பினான். பிறகு தங்கையா வந்தார். கிராண்ட்பாஸிலிருந்து வரும் வின்ச்காரன் ஸாலிஹ் கதவடியில் நின்றான்.

“தங்கையாண்ணே, முதல்ல ஒங்கட தலையத் தட்டிப் பாருங்க. உள்ளுக்குச் சரக்கு இருக்கா, இறக்கியாச்சா?”

“ஒன் தலைய விடவாடா? அதுல சரக்கே ஏத்தலியே!”

இராஜநாயகம் கடிகாரத்தை அமுக்கினார். தங்கையா கட்டையைத் தொடவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, எந்தக் கலரு எந்த ஊருக்கு?”

“ஒண்டும் கேக்கக்கூடாது தங்கையா. அடுக்குங்கோ.”

தங்கையா தலையசைத்தார். கட்டைகளை நிறம் பிரித்தார். சிலவற்றைக் கையில் நிறுத்துப் பார்த்தார். வைத்தார், எடுத்தார், திருப்பி வைத்தார். ஸாலிஹ் பகிடியை விட்டுவிட்டு, “கெதியாச் செய்யுங்கண்ணே” என்று கெஞ்சத் தொடங்கினான். மூடி விழுந்தபோது பதினொரு நிமிடம்.

“நேரமாயிருச்சுங்களா?”

“ஓம்,” என்றார் இராஜநாயகம், முகத்தைப் பார்க்காமல்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அடுத்த ஆளுக்காகப் பெட்டியைக் காலி செய்ய அவர் மூடியைத் திறந்தார். மேலே மஞ்சள் மட்டும், மேசைபோலச் சமமாக. மஞ்சளை எடுத்தால் அடியில் சிவப்பு மட்டும். அதற்கும் அடியில் நீலம். பெரியவை கீழே, சின்னவை ஓரத்து இடுக்குகளில் இறுக்கமாக.

அப்போதுதான் அவருக்கு அந்தக் கேள்வி விளங்கியது. ஒவ்வொரு துறைமுகத்துச் சரக்குக்கும் ஒவ்வொரு நிறத்தில் அடையாளம் போடுவார்கள்; கப்பலுக்குக் கப்பல் நிறம் மாறும். கடைசித் துறைமுகத்துச் சரக்கு அடியில் போகவேண்டும், முதல் துறைமுகத்துச் சரக்கு மேலே வரவேண்டும். பதில் கிடைக்காத தங்கையா தாமே மூன்று துறைமுகங்களை மனத்தில் வைத்து, கடலில் ஆடினாலும் நகராதபடி ஒரு கப்பலையே அடுக்கியிருந்தார். பள்ளிக்கூட வாசலை மிதியாத மனிதர்!

இராஜநாயகம் கட்டைகளைக் கொட்டிவிட்டு, தம் யோசனைப்படி தாமும் அப்படி அடுக்கிப் பார்த்தார். இருபது நிமிடமாகியும் நாலு மஞ்சள் கட்டைகள் வெளியே கிடந்தன. கொச்சிக்கடைக் கோயில் அந்தோனியாரிடம் எத்தனையோ முறை புத்தி கேட்டு மன்றாடியவர் அவர். அந்தப் புத்தி இத்தனை நாளாய்ப் பக்கத்திலேயே நின்று கை அசைத்துக்கொண்டிருந்ததை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. எடுக்கும்போது பார்த்த தங்கையாவின் வரிசையை நினைவில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக மறுபடி வைத்து மூடி, பெட்டியைத் துரையின் அறைக்குக் கொண்டுபோனார்.

துரை மஞ்சளை எடுத்தார். சிவப்பைக் கண்டார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார்; அது அசையவில்லை. தமக்கு அந்தப் பரீட்சையை அனுப்பியவர்கள் கப்பல் அடுக்கிப் பழகியவர்கள் அல்லர் என்று மெதுவாகச் சொன்னார். பெட்டியில் குறையில்லை, ஆனால் கயிற்றைப் பாராத ஆளை எப்படி வைத்திருப்பது? நாளைக்கு ஓர் உயிர் போய்விடுமே என்றார்.

அந்த இடத்தில் இராஜநாயகம் பேசாமல் இருந்திருக்கலாம். தம் பங்கைச் செய்தாயிற்று என்று மனத்தைத் தேற்றியிருக்கலாம்.

“கயிற்றில் பிழையில்லை, சேர். கீழே நான் நின்றேன். அவர் ஓர் உயிரைக் காப்பாற்றினார்.”

துரை பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். தங்கையா இருக்கட்டும் என்றார். திங்கள் முதல் நீர் கப்பலில் ஏறவேண்டாம், கிடங்குக்குப் போம் என்றார். பதிவேடு உம்முடைய கையில்தானே, திருத்தும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கந்தோர் மேசைகளில் ஒருவரும் இல்லை. இராஜநாயகம் பதிவேட்டைத் திறந்தார். தங்கையாவின் பெயருக்கு எதிரே இருந்த வரியைக் கோடிட்டு அடித்தார். தம் பெயர் இருந்த பக்கத்தைப் புரட்டி, அதே சிவப்பு மையால், அதே ஏழு நிமிடத்தைக் காரணத்தோடு எழுதினார்.

மை காயும்வரை பெட்டியைக் காலி செய்தார். சிவப்பு இறங்கியது, பிறகு நீலம். ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.